312 விண்ணப்பம், நான்கு போன்

கேள்வி: மார்ச் 3, 2024, ஞாயிறு

டிப்ளமோ மெக்கானிக்கல், 2021-ல் முடித்தேன். இரண்டு வருடம் ஒரு பம்ப் உதிரிபாகக் கம்பெனியில் லைன் இன்ஸ்பெக்ஷன், அதாவது தயாராகும் பாகங்களை அளந்து பார்க்கும் வேலை. ஆர்டர் குறைந்துவிட்டது என்று செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து கோயம்புத்தூர் கணபதியில் ரூமில் இருந்துகொண்டு நௌக்ரி, லிங்க்ட்இன், இன்டீட் எல்லாவற்றிலும் போட்டுக்கொண்டே இருக்கிறேன். எக்செல்லில் எழுதி வைத்திருக்கிறேன், இன்றோடு 312. வந்த போன் நான்கு. இரண்டு இன்ஷூரன்ஸ் விற்கிற வேலை, ஒன்று பதிவுக் கட்டணம் கேட்டது, ஒன்று புனே. கோயம்புத்தூரில் சிபாரிசு இல்லாமல் வேலை கிடைக்காது என்கிறான் ரூம் நண்பன். எனக்கும் அப்படித்தான் படுகிறது. அப்பா கரூரில் தறி ஓட்டுகிறார். இந்தத் துறையில் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: மார்ச் 3, இரவு 10.40

நாளைக் காலை 313-வதைப் போட வேண்டாம், தம்பி. முதலில் இதைப் படியுங்கள்.

2019-ல் வண்டி விற்பனை படுத்தபோது எனக்கும் இதேதான் நடந்தது. ஆட்டோமொபைல் உதிரிபாகக் கம்பெனி, குவாலிட்டியில் ஒன்பது வருடம். ஏப்ரலில் வாரம் மூன்று நாள் வந்தால் போதும் என்றார்கள், ஜூனில் வரவே வேண்டாம் என்றார்கள். நாலரை மாதம் வீட்டில் இருந்தேன். பெண்ணுக்கு அப்போது யூகேஜி ஃபீஸ் பாக்கி. முதல் இரண்டு மாதம் நீங்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். காலையில் காபி, கையில் செல்போன், அப்ளை, அப்ளை, அப்ளை. சாயங்காலம் ஆனால் நாளெல்லாம் வேலை பார்த்த அசதி வரும். ஆனால் அன்றைக்கு என் பெயர் ஒரு ஆளின் காதிலும் விழுந்திருக்காது.

கடைசியில் வேலை வந்தது காலிபரேஷன்காரர் மூலம். பழைய கம்பெனிக்கு வருடம் இரண்டு தடவை வருவார், வெர்னியர், மைக்ரோமீட்டர் போன்ற அளவுக் கருவிகளை எல்லாம் எடுத்துப்போய்ச் சோதித்து, ஸ்டிக்கர் ஒட்டிக் கொண்டுவந்து கொடுப்பார். கேன்டீனில் சேர்ந்து டீ குடித்த பழக்கம், அவ்வளவுதான். அவர் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது. அக்டோபரில் ஒரு நாள் சுந்தராபுரத்தில் சிக்னலில் பக்கத்தில் வந்து நின்றார். வேலை இல்லாமல் இருக்கிறேன் என்று சொன்னேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "மலுமிச்சம்பட்டியில ஒரு இடத்துல சிஎம்எம் மெஷின் புதுசா வாங்கி, ஓட்ட ஆள் இல்லாம துணி போட்டு மூடி வெச்சிருக்காங்க. போய்ப் பாருங்க" என்றார். சிஎம்எம் என்றால் பாகங்களின் அளவைத் துல்லியமாகப் பார்க்கும் மெஷின். பச்சை விழுந்துவிட்டது, போய்விட்டார். மறுநாள் போனேன். அந்த வாரமே சேர்ந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். அந்த வேலைக்கு எந்த இணையத்திலும் விளம்பரம் வரவில்லை.

அவர் எனக்குச் சிபாரிசு செய்யவில்லை. முதலாளியிடம் என் பெயரைக்கூடச் சொல்லவில்லை. எங்கே ஆள் இல்லாமல் தவிக்கிறார்கள் என்பதை மட்டும் என்னிடம் சொன்னார். உங்கள் ரூம் நண்பர் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்.

மார்ச் 4, காலை 8.05

பஸ்ஸில் வரும்போது தோன்றியது, மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஒரு கம்பெனிக்குள்ளேயே இருப்பவருக்கு அந்தக் கம்பெனி சங்கதி மட்டும்தான் தெரியும். பத்துக் கம்பெனிக்குள் போய் வருகிறவர்கள் யார்? காலிபரேஷன்காரர். இன்சர்ட், டிரில் விற்க வருகிற டூல் சேல்ஸ்காரர். கூலன்ட் ஆயில் சப்ளை செய்கிறவர். மெஷின் சர்வீஸ் இன்ஜினியர். காஸ்டிங் ஏற்றி இறக்கும் டெம்போ டிரைவர். முலாம் பூசுகிற பிளேட்டிங் கடையிலும் ஹீட் ட்ரீட்மென்ட் கடையிலும் உட்கார்ந்து வரவுச் சீட்டு எழுதுகிறவர். எங்கே இரண்டாவது ஷிப்ட் தொடங்குகிறார்கள், எங்கே புது மெஷின் இறங்கியிருக்கிறது, எங்கே குவாலிட்டி ஆள் சண்டை போட்டுவிட்டு நின்றுவிட்டார், எல்லாம் இவர்களுக்குத் தெரியும். உங்கள் இரண்டு வருடத்தில் இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பீர்கள்? இன்றைக்கு அவர்கள் பெயரை எழுதுங்கள். 312 வரிசை எழுதிய பொறுமை உங்களுக்கு இருக்கிறது, இது 15 வரிசை தாண்டாது.

பேசும்போது "ஒரு வேலை வாங்கிக் கொடுங்கண்ணா" என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் கையில் வேலை இல்லை, சங்கடப்பட்டுப் போனை வைத்துவிடுவார். "நீங்க போற இடத்துல எங்கயாவது இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் தேடுறாங்களாண்ணா?" என்று கேளுங்கள். இதற்கு எல்லோராலும் பதில் சொல்ல முடியும்.

மார்ச் 4, இரவு 9.30

இதைப் படித்த சேலத்து நண்பர் ஒருவர், சிக்னலில் பார்த்தது என் அதிர்ஷ்டம், அதை வழி என்று சொல்லக் கூடாது என்கிறார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மார்க் கிரானோவெட்டர் என்று ஓர் அமெரிக்கச் சமூகவியலாளர். பாஸ்டனுக்குப் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில், புதிதாக வேலை மாறியவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தது என்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எத்தனை நாளுக்கு ஒரு தடவை பார்ப்பீர்கள் என்று கேட்டார். வாரம் இரண்டு தடவையாவது பார்ப்போம் என்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேர்தான். 56 பேருக்கு அது எப்போதாவது பார்க்கிற ஆள். 28 பேருக்கு வருடத்தில் ஒரு தடவையோ அதற்கும் குறைவாகவோ பார்க்கிற ஆள். 1973-ல் இதைக் கட்டுரையாக எழுதினார். நம்மோடு தினமும் பழகுகிறவர்களுக்குத் தெரிந்த சேதி பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும், கொஞ்சம் தள்ளி இருப்பவர்தான் நம் காதுக்கு எட்டாத சேதியைக் கொண்டுவருகிறார் என்பது அவர் சொன்ன காரணம்.

படித்தபோது எனக்கு அந்த ஹெல்மெட் முகம்தான் ஞாபகம் வந்தது. என் மச்சான் மூன்று பேர் மெஷின் கடையில்தான் இருக்கிறார்கள். நாலரை மாதமும் அவர்கள் எனக்காகக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள், பாவம். அவர்கள் கேட்ட இடமெல்லாம் எனக்கும் தெரிந்த இடம்தான்.

மார்ச் 6, இரவு 11 மணி

தம்பி, நீங்கள் அனுப்பிய ரெஸ்யூம் பார்த்தேன். முதல் அரைப் பக்கம் 'கேரியர் அப்ஜெக்டிவ்'. அப்புறம் அப்பா பெயர், பிறந்த தேதி, தெரிந்த மொழிகள். இரண்டாம் பக்கத்தில்தான் வேலை வருகிறது, அதுவும் 'லைன் இன்ஸ்பெக்ஷன்' என்று இரண்டே சொல்.

போனில் இருபது நிமிடம் கேட்டதில் நீங்கள் எவ்வளவு சொன்னீர்கள்! ஷாஃப்ட், பேரிங் ஹவுசிங், இம்பெல்லர் மூன்றையும் பார்த்திருக்கிறீர்கள். டயல் வைத்து ரன்அவுட், அதாவது சுழலும்போது எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்திருக்கிறீர்கள். ஒரு தடவை முழு லாட்டையும் நிறுத்தி வைத்து, சென்டர் தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறீர்கள். அதில் ஒரு வரிகூடக் காகிதத்தில் இல்லை. அந்த லாட் கதையை மூன்று வரியில் மேலே எழுதுங்கள். நான் ஆள் எடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தால் அதைப் படித்தவுடன் போன் செய்வேன்.

இணையத்தை முழுக்க விட்டுவிடச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் எச்ஆர் பக்கத்தில் உட்கார்ந்து, நௌக்ரியில் அவர் எப்படித் தேடுகிறார் என்று பார்த்திருக்கிறேன். சொல்லை அடிக்கிறார், எத்தனை வருடம், எந்த ஊர், எத்தனை நாளில் சேர முடியும் என்று போடுகிறார். சமீபத்தில் உள்ளே வந்து போனவர்களை மட்டும் காட்டு என்று ஒரு வடிகட்டியும் இருக்கிறது. அவர் அடிக்கிற சொல் உங்கள் பக்கத்தில் இல்லையென்றால் நீங்கள் அவர் கண்ணில் படவே மாட்டீர்கள். எனக்கு நடந்தது இது: ஆட்டோமொபைல் உதிரிபாகத் தொழிலின் தர விதிமுறையை நான் டிஎஸ் 16949 என்று எழுதி வைத்திருந்தேன். 2016-லேயே அதன் இடத்துக்கு ஐஏடிஎஃப் 16949 வந்துவிட்டது. 2019-ல் தேடுகிறவர் புதுப் பெயரைத்தான் அடிப்பார். வேலை அதே வேலை, பெயர் பழசு, இரண்டு மாதம் போனது.

உங்களுக்கு: பிபிஏபி (புதுப் பாகத்துக்கு வாடிக்கையாளர் ஒப்புதல் வாங்கும் முறை), எம்எஸ்ஏ (அளக்கும் முறையை நம்பலாமா என்று சோதிப்பது), போர் கேஜ் (உள்விட்டம் அளப்பது), ஹைட் கேஜ் (உயரம் அளப்பது), ரன்அவுட். தொட்டுப் பழகியதை மட்டும் எழுதுங்கள். 'உடனே சேரலாம்' என்று போடுங்கள். திங்கள்கிழமை தோறும் உள்ளே போய் ஒரு வரியாவது மாற்றுங்கள். அதற்கு மேல் அங்கே செலவழிக்கிற நேரம் வீண்.

மார்ச் 9, சனி

நேரில் போய்க் கேட்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். எப்படிப் போவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

2019 செப்டம்பரில் மூன்று நாள் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் நடந்தேன். 23 கேட். முதல் நாள் காலை எட்டேகாலுக்குப் போனது தப்பு. ஷிப்ட் மாறுகிற நேரம், செக்யூரிட்டிக்கு நம்மைப் பார்க்கவே நேரம் இல்லை. ஒரு கேபினில் ரெஸ்யூமை வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் அதே வழியாகப் போகும்போது எட்டிப் பார்த்தேன். வருகைப் பதிவேட்டுக்கு அடியிலிருந்து பாதி நீட்டிக்கொண்டிருந்தது, அந்தப் பாதியின் மேல் அவர் டிபன் கேரியர், எண்ணெய் வட்டம் என் பெயர்மேல் விழுந்திருந்தது. அவர் கெட்டவர் இல்லை. உள்ளே யாரிடம் கொடுப்பது என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் பதினொரு மணிக்குப் போனேன். கையில் இருந்ததை நீட்டாமல், "குவாலிட்டியில யாருங்கண்ணா பார்க்கிறாங்க?" என்று கேட்டேன். பெயர் சொன்னார்கள். பெயரை ரெஸ்யூமின் மேல் ஓரத்தில் பேனாவால் எழுதி, "அவங்களுக்கு இன்டர்காம்ல ஒரு வார்த்தை சொல்ல முடியுமா, காத்திருக்கேன்" என்றேன். மூன்று இடத்தில் உள்ளே விட்டார்கள். ஒரு இடத்தில் டெஸ்ட் வைத்தார்கள்.

அந்த மூன்று நாளில் வேலை கிடைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். டெஸ்ட் வைத்த இடத்திலிருந்து ஜனவரியில் போன் வந்தது, அப்போது நான் சேர்ந்து மூன்று மாதம் ஆகிவிட்டது.

நடக்கும்போது பார்க்க வேண்டியவை: கேட்டில் 'ஆட்கள் தேவை' பலகை புதிதாக எழுதியதா, வெயிலில் வெளுத்ததா. காம்பவுண்டுக்குள் புது மெஷின் வந்த மரப்பெட்டிப் பலகை கிடக்கிறதா. ராத்திரி எட்டு மணிக்கு மேல் உள்ளே லைட் எரிகிறதா. மெஷின் கூடினால் அளந்து பார்க்க ஆள் கூடித்தான் ஆக வேண்டும்.

மார்ச் 10, ஞாயிறு மதியம்

இதைப் படித்துவிட்டுத் திண்டுக்கல்லிலிருந்து ஒரு தங்கை எழுதியதைப் படித்தேன். "இருபத்து மூணு கேட்டு ஏறி இறங்க எங்க வீட்டுல விடுவாங்களா அண்ணா? ராத்திரி எட்டு மணிக்கு லைட் எரியுதான்னு நான் போய்ப் பார்க்க முடியுமா?"

நேற்று எழுதியது ஆம்பளைக்கு எழுதியது. அது எனக்கு உறைத்தது. திருத்திக்கொள்கிறேன்.

அவர் 2023-ல் டிப்ளமோ முடித்தவர், அனுபவம் இல்லை. அவருக்கு நேரான வழி அப்ரன்டிஸ், அதாவது உதவித்தொகையோடு கம்பெனியில் தொழில் பழகுவது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம், தன் ஆள் கணக்கில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை அப்ரன்டிஸ் எடுக்க வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டத்தின் விதி சொல்கிறது. 2024 நிலவரப்படி டிப்ளமோவுக்கு மாதம் 8,000, பட்டதாரிக்கு 9,000 ரூபாய் குறைந்தபட்ச உதவித்தொகை. அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு திருப்பிக் கொடுக்கிறது. மத்திய அரசின் அப்ரன்டிஸ் பயிற்சித் திட்டமான என்ஏடிஎஸ் இணையதளத்தில் பதிவு செய்தால் போதும். தென்னிந்தியாவுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது, அவர்கள் நடத்தும் முகாமுக்குக் கம்பெனிக்காரர்கள் தேடி வருவார்கள். கேட்டில் போய் நிற்க வேண்டியதில்லை. ஒரு வருடம் முடிந்ததும் சான்றிதழ் வரும், அதைவிட அந்த ஒரு வருடத்தில் பார்க்கிற ஆட்கள் பெரிது.

போன வருடம் எங்களிடம் இன்டர்வியூவுக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதேபோல அப்ரன்டிஸ் முடித்தவர். நான் எல்லோருக்கும் ஒரே டெஸ்ட்தான் வைப்பேன். ஒரு டிராயிங், ஒரு ஹவுசிங், மேசையில் ஒரு வெர்னியர். டிராயிங்கில் உள்விட்டம் 25 எச்7. அதாவது 25 மில்லிமீட்டர், அதற்கு மேல் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) மட்டுமே கூடலாம். அளந்து சரியா தப்பா சொல்லுங்கள் என்பேன். அன்றைக்கு அவருக்கு முன்னால் வந்த ஆறு பேரும் வெர்னியரை எடுத்து உள்ளே விட்டு, 25.02, ஓகே என்று எழுதிவிட்டுப் போனார்கள். இந்தப் பெண் முதலில் வெர்னியரின் தாடையைத் துணியால் துடைத்தார். இரண்டையும் சேர்த்து ஜன்னல் பக்கம் பிடித்து, வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தார். ஜீரோ பார்த்தார். டிராயிங்கை இன்னொரு முறை பார்த்துவிட்டு வெர்னியரைக் கீழே வைத்துவிட்டார். "எச்7-க்கு மொத்தமே 21 மைக்ரான்தான் சார் இருக்கு. இதுல ஒரு கோடே 20 மைக்ரான். இதை வெச்சு சொல்ல முடியாது. போர் கேஜ் குடுங்க" என்றார். குரல் கொஞ்சம் நடுங்கியது. அன்றைக்கே எடுத்துக்கொண்டோம். அவரை யார் மகள், எந்த ஊர் என்று நான் கேட்கவே இல்லை.

கரூர் தம்பி, நீங்களும் இதைப் பழகிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு பழைய வெர்னியர் வைத்துக்கொண்டு, பாட்டில் மூடியிலிருந்து அளந்து பாருங்கள்.

மார்ச் 13

பதிவுக் கட்டணம் கேட்ட அந்த மூன்றாவது போன் பற்றி முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

வேலை கொடுக்கிறவன் நம்மிடம் பணம் வாங்க மாட்டான். பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் டெபாசிட், லேப்டாப் டெபாசிட், மெடிக்கல் செலவு, எந்தப் பெயரில் கேட்டாலும் போனை வையுங்கள். ஒழுங்கான கன்சல்டன்சி கம்பெனியிடம்தான் வாங்கும், வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பது பழகிய கணக்கு. ஆஃபர் லெட்டர் ஜிமெயிலில் வந்தால் கம்பெனி போனுக்கே கூப்பிட்டுக் கேளுங்கள். கம்பெனி பதிவானதா என்று மத்திய கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். என் சித்தி பையன் விட்டுவிட்டு வந்து, வேலையை விடவும் முடியாமல் பேப்பரை வாங்கவும் முடியாமல் எட்டு மாதம் அலைந்தான். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். முதல் சில மணி நேரம்தான் முக்கியம்.

வெளிநாடு என்றால் இன்னும் கவனம். மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்டா என்று பார்க்க வேண்டும். அவர்கள் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும், ரசீதோடு. 2022-ல் தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப் போன தமிழ்ப் பிள்ளைகள் மியான்மரில் மியாவாடியில் சிக்கிக்கொண்டதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அவர்களைக் கூப்பிட்டவர்களும் இனிமையாகத்தான் பேசியிருப்பார்கள்.

மார்ச் 15, வெள்ளி இரவு

4-ம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதில் ஒன்றைத் திருத்த வேண்டும்.

கிரானோவெட்டர் விசாரித்தது படித்த உத்தியோகக்காரர்களை, ஆண்களை மட்டும். 2022-ல் லிங்க்ட்இன் தளத்தை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஐந்து வருடம், இரண்டு கோடிப் பேர். அதிலும் நெருங்கியவரைவிடக் கொஞ்சம் தள்ளி இருப்பவர் மூலம்தான் வேலை மாறுவது அதிகம் என்றுதான் வந்தது. ஆனால் ரொம்பத் தள்ளிப் போனாலும் பயன் குறைகிறது. இன்னொன்றும் சொன்னார்கள்: கம்ப்யூட்டர் அதிகம் புழங்குகிற தொழில்களில்தான் இப்படி, அவ்வளவாகப் புழங்காத தொழில்களில் நெருங்கிய பழக்கமே அதிகம் உதவுகிறது.

நம் மெஷின் கடை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எங்கள் கம்பெனியிலேயே பார்த்தால், சிஎம்எம், டிசைன், புரோகிராமிங் ஆட்கள் எங்கெங்கோ இருந்து வந்தவர்கள். ஹெல்பர், பேக்கிங், டெஸ்பாட்ச் ஆட்கள் பெரும்பாலும் அண்ணன் தம்பி, ஒரே ஊர், ஒரே தெரு. ஆகவே மச்சானிடம் கேட்காதீர்கள் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதைச் சொல்லும்போதே மனசு உறுத்துகிறது. ஒரே தெரு என்றால் என்ன என்று நம் எல்லோருக்கும் தெரியும். 2019-ல் ஒரு கேட்டில், படிப்பு கேட்பதற்கு முன்னால் "எந்தப் பக்கம், என்ன ஆளுங்க?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லாமல் திரும்பி வந்தேன். தெரிந்தவர்கள் என்கிற சொத்து சிலருக்குப் பிறக்கும்போதே கிடைத்துவிடுகிறது, சிலருக்குத் தாத்தா காலத்திலிருந்தே கிடைக்கவில்லை. கரூர் தம்பி 'எங்கள் வீட்டுக்குத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது' என்று எழுதியதை நான் முதல் நாள் வேகமாகத் தாண்டிப் போய்விட்டேன். தாண்டியிருக்கக் கூடாது. அதனால்தான் டெம்போ டிரைவரையும் காலிபரேஷன்காரரையும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அந்தப் பழக்கம் வீட்டிலிருந்து வருவதில்லை, வேலை செய்த இடத்தில் நாமே சம்பாதித்தது.

மார்ச் 15, பத்து நிமிடம் கழித்து

ஆறு மாத இடைவெளியை மறைக்க எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் 'ஏற்பாடு' செய்துகொள்ளச் சொல்லி ஒருவர் எழுதியிருக்கிறார். செய்யாதீர்கள். பிஎஃப் கணக்கில் யுஏஎன் எண்ணை (கம்பெனி மாறினாலும் மாறாத நம் பிஎஃப் எண்) போட்டால் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி சேர்ந்தோம், எந்தத் தேதி நின்றோம் என்று தெரிந்துவிடும். ஆர்டர் இல்லை, நிறுத்தினார்கள் என்று சொல்லுங்கள். பம்ப் தொழிலில் அது புரியாதவர்கள் கோயம்புத்தூரில் கிடையாது.

மார்ச் 22, வெள்ளி

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைப்பதால் பயன் உண்டா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அரசு வேலைக்கான பதிவு மூப்பு என்று காத்திருந்தால் வயசு போகும். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க மட்டும் மறக்க வேண்டாம். தனியார் கம்பெனியும் காலியிடத்தை அந்த அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று 1959-ல் ஒரு சட்டம் போட்டார்கள், 25 பேர் வேலை செய்கிற இடத்துக்கெல்லாம். அறிவிக்கத்தான் சொன்னது, அங்கிருந்தே ஆள் எடுக்கச் சொல்லவில்லை.

ஆனால் அதே அலுவலகம் வெள்ளிக்கிழமை நடத்துகிற சின்ன முகாம் நல்லது. பெரிய வேலைவாய்ப்பு மேளாவுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நம் முகத்தைப் பார்ப்பதற்குள் தள்ளிவிடுவார்கள். சின்ன முகாமில் பத்துக் கம்பெனி, உட்கார்ந்து பேசலாம். எங்கள் எச்ஆரே போகிறார். 2020-ல் தொடங்கிய தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையத்திலும் பதிந்துவிட்டுப் போங்கள். திண்டுக்கல் தங்கைக்கு இது வீட்டில் சொல்லிவிட்டுப் பகலில் போய் வரக்கூடிய இடம்.

மார்ச் 28

கரூர் தம்பி போனில் பேசினார். பட்டியலில் 15 எதிர்பார்த்தேன், 11 பேர் தேறினார்கள். ஏழு பேர் எடுத்தார்கள். ஐந்து பேர் "பார்த்துச் சொல்றேன்" என்றார்கள். டூல் சேல்ஸ்காரர் ஒரு இடம் சொன்னார், போனார், டெஸ்டில் டிராயிங் சிம்பல் கேட்டதில் தடுமாறிவிட்டது, எடுக்கவில்லை. குரல் உடைந்துபோய் இருந்தது. இரண்டு நாள் ஊருக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். வரும்போது பொசிஷன், ரன்அவுட், பெர்பெண்டிகுலாரிட்டி என்ற மூன்று டிராயிங் சிம்பலையும் படம் போட்டுப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன்.

ஏழாவது ஆள், பழைய கம்பெனிச் சரக்கைக் கொண்டுபோகும்போது பார்த்த பிளேட்டிங் கடை அக்கா. வரவுச் சீட்டு எழுதுகிறவர். அவர் சொன்னது: "அரசூர்ல இருந்து வர்ற சரக்கு ரெண்டு மாசமா அளவே பார்க்காம வருதுப்பா. பிளேட்டிங் போட்டப்புறம் தப்புன்னு எங்க மேல சண்டைக்கு வர்றாங்க. அங்க இன்ஸ்பெக்ஷன்ல ஆளே இல்லபோல."

போய்ப் பாருங்கள் என்றேன். சண்டையைப் பற்றிப் பேச வேண்டாம், பிளேட்டிங்குக்கு முன் அளவு, பின் அளவு இரண்டையும் எப்படிக் குறித்து வைப்பீர்கள் என்று ஒரு தாளில் போட்டுக் கொண்டுபோங்கள் என்றேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

இன்று காலை தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். அரசூர் முதலாளி அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டாராம். அப்புறம்தான் உட்காரச் சொன்னாராம். மறுபடி ஒரு முறை வரச் சொல்லி, ஷாஃப்டைக் கையில் கொடுத்து அளக்கவும் சொல்லியிருக்கிறார்கள்.

சம்பளம் 17,000. அவர் நினைத்தது 18,500. ஆறு மாதத்தில் பார்த்துக் கூட்டுகிறோம் என்றார்களாம். அதை ஆஃபர் லெட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். கேட்கக் கூச்சப்படுகிறார். நாளை கேட்டுவிடுவதாகச் சொன்னார்.

பிளேட்டிங் கடை அக்காவுக்கு ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறார். முதல் சம்பளம் வரட்டும் என்று இருக்கவில்லை.

வியாழக்கிழமையிலிருந்து முதல் ஷிப்ட். சேஃப்டி ஷூ என்ன சைஸ் என்று நேற்றே போன் செய்து கேட்டுவிட்டார்களாம். எட்டு.